மூலப் பக்கம் எது என்று சொல்ல வேண்டியவர் யார்?

கூகுள் நிறுவனத்தின் தேடல் பிரிவில் போலிப் பக்கங்களை ஒடுக்கும் பணிக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்த மேட் கட்ஸ், 2013-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, இணையத்தில் உள்ள எழுத்தில் ஏறக்குறைய 25 முதல் 30 சதவீதம் வரை, வேறோர் இடத்திலும் அப்படியே இருக்கின்ற எழுத்துத்தான் என்று குறிப்பிட்டார். நான்கில் ஒரு பங்கு என்றால் அது சாமானியமான விஷயம் அன்று. இதைக் கேட்டவுடன் பிறர் எழுத்தைத் திருடிப் பிரசுரிப்பவர்களின் ஞாபகமே நமக்கு முதலில் வரும். அத்தகையவர்களும் இருக்கிறார்கள் என்பது மெய்தான். ஆயினும் இந்தப் பெருக்கத்தில் மிகுதியானது, கௌரவமான பத்திரிகைகளும், அரசாங்க இலாகாக்களும், வியாபார ஸ்தாபனங்களும் தங்களுடைய சொந்தப் பக்கத்தையே, தாங்கள் அறியாமலே, பல முகவரிகளில் நிறுத்திவைத்துவிட்டு, அவற்றுள் எது மூலம், எவை நகல் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இருந்துவிடுவதனால் விளைந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கான வழி 2009-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியது வெளியிடுகிறவரின் கடமை என்பதும், அதைத் தேடுபொறியின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவது வாசகருக்குச் செய்யும் அநீதி என்பதும், தமிழில் வெளியிடுகிறவர்களுக்கு இந்தக் கடமை மற்றவர்களைக் காட்டிலும் ஒரு படி அதிகம் என்பதும் என் அபிப்பிராயம்.

ஒரே பக்கம் எப்படிப் பல முகவரிகளைப் பெறுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு செய்தித்தளத்தில் ஒரு கட்டுரை வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். முகவரியின் தொடக்கத்தில் ‘எச்டிடிபி’ என்று இருந்தாலும், பாதுகாப்பான இணைப்பைக் காட்டும் ‘எச்டிடிபிஎஸ்’ என்று இருந்தாலும் அந்தக் கட்டுரை திறக்கிறது. அடுத்து வரும் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ என்ற மூன்றெழுத்தைச் சேர்த்தாலும் விட்டாலும் திறக்கிறது. கடைசியில் ஒரு சாய்கோடு போட்டாலும் போடாவிட்டாலும் திறக்கிறது. மனிதருடைய கண்ணுக்கு இவை யாவும் ஒன்றே. முகவரிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, ஓர் எழுத்து மாறினாலும் வேறு என்று கொள்ளுகின்ற இயந்திரத்துக்கோ, இரண்டும் இரண்டும் இரண்டும் பெருகி எட்டு முகவரிகள். ஆகவே எட்டுப் பக்கங்கள். இவற்றோடு, கைபேசிக்கென்று தனியாக அமைத்த பக்கம் ஒன்று, அச்செடுப்பதற்காக விளம்பரங்களை நீக்கிய பக்கம் ஒன்று, 2015-இல் கூகுள் அறிமுகம் செய்த ஏஎம்பி என்ற விரைவுப் பக்கம் ஒன்று என்று மேலும் மூன்று சேர்ந்துகொள்வது உண்டு.

அதன் பிறகு முகவரிக்கு வால் முளைக்கிறது. ஃபேஸ்புக்கில் கண்ட லிங்கைத் தட்டி ஒருவர் அந்தக் கட்டுரைக்கு வந்தால், முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும், ‘எஃப்பிகிளிட்’ என்று தொடங்கிப் பொருளற்ற எழுத்துகளாக நீளும் ஓர் அடையாளமும் ஒட்டிக்கொள்கின்றன. மின்னஞ்சல் மடலிலிருந்து வந்தால் ‘யூடிஎம்’ என்று தொடங்கும் வேறோர் அடையாளம். வருகையாளர் எந்த வழியாக வந்தார் என்று கணக்கெடுப்பதற்காக அர்ச்சின் என்ற ஒரு கம்பெனி தன்னுடைய மென்பொருளுக்கென்று வகுத்த முறை அது. அந்தக் கம்பெனியை 2005-இல் கூகுள் விலைக்கு வாங்கியது. கம்பெனியின் பெயரை இன்று அறிந்தவர்கள் குறைவு, அது வைத்த அடையாளம் மட்டும் உலகத்தின் முகவரிகளிலெல்லாம் தொடர்கிறது. வால் வேறுபட்டாலும் திறக்கும் பக்கம் ஒன்றுதான். அந்த வாலோடு கூடிய முகவரியை ஒருவர் பிரதியெடுத்துத் தம் தளத்தில் ஒட்டிவிட்டால், அதுவும் உலகறிந்த ஒரு முகவரியாகிவிடுகிறது.

வியாபாரத் தளங்களில் இந்தப் பெருக்கம் எல்லை கடந்துவிடுகிறது. பட்டுப் புடவைகளை வரிசைப்படுத்திக் காட்டும் ஒரு பக்கத்தில், வாங்குகிறவரின் சௌகரியத்துக்காகப் பத்து நிறங்களும், ஆறு விலைப் படிகளும், விலை குறைந்தது முதலில், புதியது முதலில் என்பன போன்ற ஐந்து வரிசை முறைகளும் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு தேர்வும் முகவரியில் பதிவாகுமானால், பத்தும் ஆறும் ஐந்தும் பெருகி 300 முகவரிகள் ஆகின்றன. கடையில் இருப்பது என்னவோ அதே புடவைகள்தாம். தேடுபொறிகள் பக்கங்களைச் சேகரிப்பதற்காக அனுப்பும் ‘பாட்’ என்னும் தானியங்கி இந்த முந்நூறு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறது. ஒரு தளத்துக்கென்று அது ஒதுக்கும் நேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த நேரம் பழைய சரக்கைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதிலேயே கழிந்துவிட்டால், நேற்று வந்த புதிய சரக்கு தேடலில் தலைகாட்ட நாட்களாகின்றன.

இதனால் தளத்துக்காரருக்கு உண்டாகும் நஷ்டத்தைப் பற்றி அந்தத் தொழிலில் இருப்பவர்கள் நிறையவே பேசுகிறார்கள். வாசகருக்கு உண்டாகும் நஷ்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. என் கவலை முழுவதும் அங்கேதான். மழைக்காலத்தில் ஒரு மாவட்டத்துப் பள்ளிகளுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று ஒரு செய்தி வெளியாகிறது. சற்று நேரத்தில், விடுமுறை புதன்கிழமைக்குத்தான் என்று தெரிந்து, ஆசிரியர் குழு செய்தியைத் திருத்துகிறது. திருத்தம் பிரதான பக்கத்தில் ஏறிவிட்டது. ஆனால் அச்சுப் பக்கமோ விரைவுப் பக்கமோ தனியாகச் சேமிக்கப்பட்டிருந்து, அதில் பழைய வாசகமே நிற்குமானால், தேடுபொறி அந்தப் பழைய பக்கத்தைத் தன் பட்டியலுக்குத் தேர்ந்தெடுத்திருந்தால், இரவு பத்து மணிக்குக் கைபேசியில் தேடும் ஒரு தாய்க்குக் கிடைப்பது செவ்வாய்க்கிழமைதான். மருந்தின் அளவைப் பற்றிய குறிப்பு, தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி, நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கும் முறை ஆகிய எதை வேண்டுமானாலும் இந்தச் செய்தியின் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். திருத்தியவர் தம் கடமையைச் செய்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருப்பார். திருத்தமோ படிக்கப்படாத இடத்தில் இருக்கும்.

ஒரே மாதிரியான பக்கங்களை இனம் கண்டு ஒன்றுசேர்க்கும் வித்தையில் தேடுபொறிகள் நெடுங்காலமாகவே தேர்ச்சி பெற்றிருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. அல்டாவிஸ்டா என்ற தேடுபொறி புகழோடு விளங்கிய நாளில், அதை நடத்திவந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பொரேஷனின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய ஆந்த்ரே பிராடரும் அவருடைய சகாக்களும், 1997-இல் மூன்று கோடிப் பக்கங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு சிறு சிறு சொற்றொடர்களாக நறுக்கி, இரண்டு பக்கங்களுக்குப் பொதுவான துண்டுகள் எத்தனை என்று பார்த்து, அவற்றின் ஒற்றுமையை எண்ணால் அளக்கும் முறையை வகுத்தார்கள். பத்தாண்டு கழித்து, கூகுளில் இருந்த குர்மீத் சிங் மங்குவும் அவரோடு சேர்ந்து எழுதியவர்களும் 800 கோடிப் பக்கங்களுக்கு ஏற்ற முறை ஒன்றை 2007-இல் வெளியிட்டார்கள். மோசஸ் சரிகர் என்பவர் முன்பே கண்டிருந்த ஒரு யுக்தியைப் பின்பற்றி, ஒவ்வொரு பக்கத்தின் சாரத்தையும் 64 பிட்டுகளே கொண்ட ஒரு கைரேகையாகச் சுருக்கிவிடுவது அந்த முறை. இரண்டு கைரேகைகளுக்கிடையில் மூன்று பிட்டுகளுக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால், அவ்விரண்டும் கிட்டத்தட்ட ஒரே பக்கம் என்று கொள்ளலாம். மனித புத்தியின் நுட்பத்துக்கு இவை சான்றாக நிற்கத் தக்கவை.

ஆயினும் இந்த நுட்பம் முழுவதும் ஒரு கேள்விக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. முன்னே எண்ணிய எட்டும் மூன்றுமான பதினொரு முகவரிகளும் ஒரே பக்கம் என்று இயந்திரம் கண்டுபிடித்துவிடும். பதினொன்றில் எதை வாசகரிடம் காட்ட வேண்டும் என்று எழுதியவர் கருதுகிறார் என்பதை இயந்திரம் அனுமானிக்கத்தான் முடியும். பழைய தமிழ் நூல்களைப் பதிப்பித்த பெரியோர்களின் நிலை இதற்கு ஒப்பானது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது, ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த ஏடுகளை ஒப்புநோக்கி, பாடபேதங்களை எடைபோட்டு, மூலபாடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நிச்சயிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால், கேட்டுத் தெளிவதற்கு நூலாசிரியர் இல்லை. இணையப் பக்கத்தின் கர்த்தாவோ நம்மோடு, அநேகமாகத் தம்முடைய மேஜையின் முன்னாலேயே, இருக்கிறார். தம் பக்கங்களில் எது மூலம் என்று ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய அவர் மௌனமாக இருந்துவிட்டு, அந்த நிச்சயத்தை எங்கோ உள்ள ஒரு கம்பெனியின் கணக்கீட்டுக்கு விட்டுவிடுவதை எந்த நியாயத்தைக் கொண்டு ஒப்புக்கொள்வது?

அந்த ஒரு வரிதான் கேனானிக்கல் டேக் என்பது. கூகுளும் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் தேடல் துறையில் ஒன்றுக்கொன்று போட்டியாக நின்ற காலத்தில், 2009 பிப்ரவரி மாதம், மூன்றும் சேர்ந்து இதை ஏற்பதாக அறிவித்தன. போட்டியாளர்கள் மூவர் ஒரே வரியை ஒப்புக்கொண்டது, அந்தத் தொல்லை அவர்களுக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. 2012 ஏப்ரலில் இது இணையத் தொழில்நுட்ப ஆவணங்களின் ஆர்எஃப்சி வரிசையில் 6596 என்ற எண்ணோடு ஆவணமாகவும் பதிவாயிற்று. கணினியில் எந்தப் பக்கத்தையாவது திறந்து, மௌஸின் வலப்பக்கத்தைச் சொடுக்கி, அதன் மூலக் குறியீட்டைக் காட்டச் சொன்னால், வாசகர் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில், ‘லிங்க் ரெல்’ என்று தொடங்கி, ‘கேனானிக்கல்’ என்ற சொல்லையும் அதையடுத்து ஒரு முழு முகவரியையும் கொண்ட வரி இருந்தால், அதுவே இந்த டேக். இந்தப் பக்கத்தை நீ எந்த முகவரியில் கண்டாலும், இதற்கு உரிய முகவரி இதுதான் என்று கர்த்தாவே சொல்லும் வாக்குமூலம் அது. தளங்களை அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2009 டிசம்பரில் வந்த 2.9 பதிப்பிலிருந்து தனிக் கட்டுரைகளுக்கு இதைத் தானாகவே எழுதிவருகிறது. ஆகையால் தாம் எழுதியதை அறியாமலே எழுதியிருப்பவர்கள் பல்லாயிரம் பேர். விக்கிப்பீடியாவில் ஒரே பொருளுக்கு வழங்கும் வேறு பெயர் எதைத் தட்டி உள்ளே போனாலும், பக்கத்தின் தலைப்பகுதி அதன் பிரதான தலைப்பையே மூலம் என்று காட்டும். பிடிஎஃப் கோப்புகளுக்குத் தலைப்பகுதி கிடையாது. அவற்றுக்காக, கோப்பை அனுப்பும் சர்வரே தன் முன்னுரையில் இதே வாக்குமூலத்தைச் சேர்த்தனுப்பலாம் என்று 2011 ஜூனில் கூகுள் ஒப்புக்கொண்டது. ஒரே அரசாணையைப் பல இலாகாக்கள் தத்தம் தளத்தில் ஏற்றிவைக்கும் நம் நாட்டில், அதிகம் பயன்பட வேண்டிய இந்த ஏற்பாடு அதிகம் பேசப்படாமலே இருக்கிறது.

இந்த வாக்குமூலத்தைத் தேடுபொறி அப்படியே ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூகுள் இதை ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறது. தளத்துக்குள் இருக்கும் மற்ற லிங்குகள் எந்த முகவரியைச் சுட்டுகின்றன, சைட்மேப் என்னும் பக்கப் பட்டியலில் எது இருக்கிறது, எது பாதுகாப்பான இணைப்பில் திறக்கிறது, பழைய முகவரிக்குப் போனால் 301 என்ற நிரந்தர மாற்றக் குறியோடு எங்கே அனுப்பப்படுகிறது ஆகிய எல்லாச் சாட்சியங்களையும் கூட்டிப் பார்த்த பிறகே அது தீர்ப்புச் சொல்லுகிறது. தளத்துக்காரர் தமக்கென்று கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்து ஒரு முகவரியைச் சோதித்தால் இரண்டு வரிகளைக் காண்பார்: அவர் அறிவித்த கேனானிக்கல் ஒன்று, கூகுள் தேர்ந்தெடுத்த கேனானிக்கல் ஒன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. வேறாக இருந்தால், தேடுபொறி பிழை செய்துவிட்டது என்று கோபிப்பதற்கு முன்னால், நம் சாட்சியங்கள் தமக்குள்ளே முரண்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான சமயங்களில் முரண்பட்டுத்தான் இருக்கும். டேக்கில் ஒரு முகவரி, பட்டியலில் வேறு முகவரி, முகப்பிலுள்ள லிங்கில் மூன்றாவது முகவரி என்று மூன்று விதமாகச் சொல்லுகிறவரின் வாக்குமூலத்தை எந்த நீதிபதிதான் நம்புவார்?

தவறாகச் சொல்லுவது, சொல்லாமலிருப்பதைவிடக் கெடுதலானது. தளத்திலுள்ள எல்லாப் பக்கங்களுக்கும் முகப்புப் பக்கமே மூலம் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. எழுதியவுடன், உள்ளே உள்ள ஆயிரம் பக்கங்களும் தாங்கள் நகல் என்று தாங்களே ஒப்புக்கொண்டவை ஆகிவிடுகின்றன. பல பக்கங்களாக நீளும் ஒரு தொடர்கட்டுரையின் இரண்டாம், மூன்றாம் பக்கங்களுக்கு முதல் பக்கத்தை மூலமாகக் காட்டுவதும் இதைப் போன்ற பிழைதான். அந்தப் பக்கங்களில் மட்டும் உள்ள விஷயம் தேடலிலிருந்து மறைந்துபோகும். ஒரே பக்கத்தில் இரண்டு வரிகள் எழுதி இரண்டு முகவரிகளைக் காட்டினால் இரண்டும் தள்ளுபடி. வரியைத் தலைப்பகுதியில் எழுதாமல் உடற்பகுதியில் எழுதினாலும் தள்ளுபடி. வாசகர்கள் கருத்து எழுதும் இடத்தின் வழியாக யாரும் இந்த வரியை நுழைத்துப் பிறருடைய பக்கத்தைத் தமதாக்கிக்கொள்ளக் கூடாது என்ற பாதுகாப்பு அதில் அடங்கியிருக்கிறது. நகல் பக்கங்களைத் தேடுபொறி பார்க்கவே கூடாது என்று ரோபாட்ஸ் கோப்பில் தடை எழுதிவிட்டு, அதே பக்கங்களுக்குள் மூலத்தைக் காட்டும் வரியையும் எழுதிவைக்கிறவர்கள், கதவைப் பூட்டிவிட்டு உள்ளே அறிவிப்பு ஒட்டியவர்கள் ஆகிறார்கள். பாட் உள்ளே வந்தால் அல்லவா படிக்கும்?

இத்தனை எச்சரிக்கையும் தண்டனைக்கு அஞ்சி எடுத்துக்கொள்ள வேண்டியது என்று ஓர் எண்ணம் இந்தத் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. நகல் பக்கம் இருந்தால் கூகுள் தளத்தையே தண்டித்துவிடும் என்று பயமுறுத்திக் கட்டணம் வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தந்திரத்துக்காகச் செய்யப்படாத சாதாரண நகலுக்கு அப்படியொரு தண்டனை கிடையாது என்று கூகுள் 2008-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பயத்தினால் இந்த வரியை எழுதுகிறவர், பயம் தெளிந்ததும் விட்டுவிடுவார். பிரசுரிக்கிறவன் தான் பிரசுரித்ததற்குப் பொறுப்பேற்க வேண்டும், திருத்தினால் எல்லா இடத்திலும் திருத்தம் தெரிய வேண்டும், வாசகரை ஒரு நிச்சயமான இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்ற பழைய பத்திரிகை தர்மத்தின் ஓர் அங்கமாக இதை எழுதுகிறவரே இதைக் கிரமமாக எழுதுவார்.

பத்திரிகை என்று சொன்ன மாத்திரத்தில், ஒருவருடைய எழுத்தை மற்றொருவர் அனுமதியோடு மறுபிரசுரம் செய்யும் வழக்கம் நினைவுக்கு வருகிறது. சிறு ஊரிலிருந்து நடக்கும் ஒரு பத்திரிகையின் நிருபர், பல நாள் அலைந்து, ஆவணங்களைப் பார்த்து, பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்து எழுதிய கட்டுரையை, பெருந்தளம் ஒன்று உடன்படிக்கையின்படி எடுத்து வெளியிடுகிறது. இரண்டும் ஒரே எழுத்து. தேடுபொறி ஒன்றை மட்டும் காட்டும்போது, லிங்குகள் அதிகம் வந்துசேரும் பெருந்தளத்தையே அது காட்டுவது சகஜமாக நடக்கிறது. உழைப்பு ஒருவருடையது, வாசகர் வருகை மற்றொருவருடையது. வேறு தளத்திலுள்ள பக்கத்தையும் மூலமாகக் காட்டலாம் என்று கூகுள் 2009 டிசம்பரிலேயே அனுமதித்ததால், மறுபிரசுரம் செய்கிறவர் மூலக் கட்டுரையின் முகவரியைத் தம் பக்கத்தில் எழுதிவிட்டால் போதும் என்று பல ஆண்டுகள் நம்பினோம். பெருந்தளத்தின் பக்கத்தில் கட்டுரையைச் சுற்றி இருக்கும் மற்றவை மிகுதியாகையால் இரண்டு பக்கங்களும் ஒன்று என்று இயந்திரத்துக்குப் படாமலே போவதுண்டு; ஆகவே 2023-இல் கூகுள் தன் ஆலோசனையை மாற்றிக்கொண்டு, மறுபிரசுரப் பக்கத்தைத் தேடலின் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று காட்டும் நோஇண்டெக்ஸ் குறியை அந்தப் பக்கத்திலேயே இடச்சொல்லுவதுதான் பலன் தரும் என்றது. அப்படியானால் அந்தக் குறியை இடும் அதிகாரம் பெருந்தளத்தின் கையில் இருக்கிறதே தவிர, எழுதியவரின் கையில் இல்லை. எனவே மறுபிரசுர உடன்படிக்கையில், சன்மானத்தைப் பற்றிய ஷரத்துக்கு அடுத்ததாக, இந்தக் குறியைப் பற்றிய ஷரத்தும் இருக்க வேண்டும் என்று சிறு பத்திரிகைகள் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். பெரியவர்கள் கேட்காமலே கொடுப்பார்களானால் அது அவர்களுக்கு அழகு.

தமிழுக்கு வருவோம். ஒரு ஸ்தாபனம் தன் தளத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் நடத்துகிறது. தளத்தை அமைத்தவர் ஆங்கிலப் பக்கத்துக்கு எழுதிய கேனானிக்கல் வரியை, அச்சுப் பிசகாமல், தமிழ்ப் பக்கத்திலும் பிரதியெடுத்து வைத்துவிடுகிறார். விளைவு என்ன? நான் தமிழில் இருந்தாலும் நகல்தான், எனக்கு மூலம் ஆங்கிலப் பக்கம், என்னை விட்டுவிட்டு அதைக் காட்டுங்கள் என்று அந்தத் தமிழ்ப் பக்கமே உலகத்துக்கு அறிவிக்கிறது. தமிழில் தேடும் குடியானவருக்கோ, ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் முதியவருக்கோ, அவருக்காகவே எழுதப்பட்ட பக்கம் கிடைக்காமல், அவரால் படிக்க முடியாத பக்கம் கிடைக்கலாம்; அல்லது எதுவுமே கிடைக்காமல் போகலாம். மொழிபெயர்ப்பு நகல் ஆகாது என்பது தேடுபொறிகளே ஒப்புக்கொண்ட பிரமாணம். ஒவ்வொரு மொழிப் பக்கமும் தன்னையே மூலமாக அறிவித்துக்கொள்ள வேண்டும். இன்ன மொழியில் இன்ன முகவரியில் என் தோழமைப் பக்கம் இருக்கிறது என்று காட்டுவதற்கு, 2011-இல் வந்த ஹெச்ரெஃப்லாங் என்ற தனி வரி உண்டு. இரண்டு வரிகளுக்கும் உள்ள பேதத்தை அறியாமையால், தமிழ் எழுத்து தேடலிலிருந்து விலக்கி வைக்கப்படுவதை நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

இதோடு சேர்ந்த மற்றொரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைப்பு, பட்டியல், அடிக்குறிப்பு ஆகியவற்றை மட்டும் தமிழாக்கிவிட்டு, நடுவில் உள்ள விஷயத்தை ஆங்கிலத்திலேயே விட்டுவைக்கும் தளங்கள் நம்மிடையே கணிசமாக உண்டு. ‘தமிழ்’ என்ற பொத்தானை அழுத்தினால் மேலும் கீழும் தமிழ் தெரியும். படிக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலம்தான் தெரியும். இத்தகைய பக்கங்களைக் கூகுள் வெவ்வேறு மொழிப் பக்கங்களாகக் கொள்ளாமல் ஒன்றன் நகல் மற்றொன்று என்றே கணக்கில் வைக்கிறது. அந்தத் தீர்ப்பில் குறை காண இடமில்லை. இங்கே செய்ய வேண்டிய திருத்தம் எந்த டேக்கிலும் இல்லை. விஷயத்தைத் தமிழில் எழுதுவது ஒன்றே திருத்தம்.

முகவரியையே தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்ளும் தளங்களில் வேறொரு நுட்பம் இருக்கிறது. முகவரியில் வரும் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகி, பைட் ஒன்றுக்கு மூன்று எழுத்தாக, மொத்தம் ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. ‘தமிழ்’ என்ற சிறு சொல் ஐந்து குறியீடுகளால் ஆனதாகையால் 45 எழுத்துகளாகி நிற்கும். நீளம் போகட்டும். ‘கொடைக்கானல்’ என்று எழுதும்போது, முதலெழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்லுகிறது. ஆனால் முகவரிகள் பைட்டுக்குப் பைட் ஒப்பிடப்படுவதனால் இரண்டும் வேறு வேறு முகவரிகளாகிவிடுகின்றன. ‘ஸ்ரீரங்கம்’ என்ற பெயரில் இந்தச் சங்கடம் இன்னும் ஆழமானது. அதன் முதலெழுத்தை ஸகரத்தைக் கொண்டும் அமைக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் அமைக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒரே வடிவம். இங்கே யூனிகோடு விதிகூட இரண்டையும் சமம் என்று சொல்லுவதில்லை. தட்டச்சு செய்கிறவரின் கீபோர்டு எதைத் தருகிறதோ அதுவே முகவரியாகிவிடும். அடுத்த மாதம் வேறொருவர் வேறு கீபோர்டில் அதே ஊர்ப் பெயரைத் தட்டினால், அவருக்கும் நமக்கும் தெரியாமலே இரண்டாவது முகவரி ஒன்று பிறந்துவிடும். ஆங்கிலத்தில் தளம் அமைப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. தமிழில் அமைப்பவருக்கு உண்டு; இந்தக் கடமை நமக்கு ஒரு படி அதிகம் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் காரணம். எந்த வடிவில் வந்தாலும் நிச்சயித்த ஒரே வடிவத்துக்கு மாற்றி, மற்றவற்றை 301 குறியோடு அங்கே திருப்பி, பக்கத்தின் தலையில் அந்த வடிவத்தையே மூலமாக எழுதும்படி சர்வரை ஒரு முறை பழக்கிவிட்டால், பிறகு கீபோர்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பொதுப்பணத்தில் நடக்கும் தளங்களைப் பொறுத்தவரையில் இதைத் தனி மனிதருடைய சிரத்தைக்கு விட்டுவிடுவது போதாது. தளங்களை அமைக்கவும் பராமரிக்கவும் விடப்படும் டெண்டர்களில், சாதனங்கள், பாதுகாப்பு, தோற்றம் ஆகியவற்றுக்கு நிபந்தனைகள் எழுதப்படுகின்றன. அவற்றோடு நான்கு வாக்கியங்கள் சேரட்டும்: ஒவ்வொரு பக்கமும் தன் மூல முகவரியை ஒரே ஒரு வரியில் அறிவிக்க வேண்டும், தமிழ்ப் பக்கம் தமிழ்ப் பக்கத்தையே மூலமாகக் காட்ட வேண்டும், ஓர் ஆணையையோ அறிவிக்கையையோ வேறு இலாகா மறுபடி ஏற்றும்போது, முதலில் வெளியிட்ட இலாகாவின் முகவரியைச் சர்வர் குறிப்பிட வேண்டும், தளம் புதுப்பிக்கப்படும்போது பழைய முகவரிகள் இறந்துபோகாமல் புதியவற்றுக்குத் திருப்பப்பட வேண்டும். கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன்னால், இலாகாவைச் சேர்ந்த ஒருவர் சில தமிழ்ப் பக்கங்களைத் திறந்து, மூலக் குறியீட்டில் அந்த வரியைத் தேடிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. வரியில் எழுதியிருக்கும் முகவரியும், தாம் நிற்கும் தமிழ்ப் பக்கத்தின் முகவரியும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த எந்த எழுத்தரும் இதைச் செய்துவிடலாம்.